முன்னால் ஆள் நிற்க வேண்டிய சொல்

எங்கள் ஊரில் 'தானே' போடாமல் யாரும் வாயை மூடுவதில்லை. சாப்பிட்டாச்சுதானே, மழை இருட்டுதுதானே, நேற்றே சொன்னனான்தானே என்று எல்லா வசனத்தின் வாலிலும் அது தொங்கிக்கொண்டிருக்கும். பெரிய பொருள் ஒன்றும் அதற்குக் கிடையாது. கேட்கிறவர் 'ஓம்' என்று சொல்லிவிட்டால் அதன் வேலை முடிந்தது. இந்த வாலைப் பிடித்துக்கொண்டு நான் இங்கிலீசுக்குள் இறங்கியதால்தான் பத்து வயதில் என் தலையில் அத்தனை குட்டு விழுந்தது.

குட்டியவர் பெரியம்மா, அம்மாவின் அக்கா. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ரீச்சர். எங்கள் குடும்பம் இணுவிலில் தலைமுறை தலைமுறையாகச் சைவம். பெரியம்மாவும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனால் மிஷன் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்கார மிஸ்மாரிடம் படித்தவர் என்பதால் இங்கிலீசில் மட்டும் அவர் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண், என்று அப்பா பகிடி பண்ணுவார். அந்தப் பகிடியும் அவர் பேசிப் பதிந்து அனுப்புகிற கசெற்றில்தான் வரும். அப்பா சவூதியில் இருந்தார். இந்த வருஷம் வருகிறேன் என்று ஒவ்வொரு கசெற்றிலும் சொல்லுவார்.

பெரியம்மா கலியாணம் செய்யவில்லை. தன் சீதனத்துக்கென்று இருந்த வீட்டைத் தங்கைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அதே வீட்டின் முன்னறையில் இருந்தார். ஊரில் யாராவது எங்கள் வீட்டு ஆட்களை எண்ணினால், 'தாய், தேப்பன், ரெண்டு பிள்ளையள், நாலு பேர்தானே' என்பார்கள். பெரியம்மா பக்கத்தில் நிற்கும்போதும் அப்படித்தான் எண்ணுவார்கள். அவரும் திருத்தமாட்டார். மனிதர் கணக்கில் பிழை விட்டால் அவருக்குக் கோபம் வராது. இங்கிலீசில் விட்டால் வரும்.

அந்த மாதங்களில் பள்ளிக்கூடம் திறந்த நாளைவிடப் பூட்டிய நாள் அதிகம். கடலுக்கு அப்பாலிருந்து சமாதானம் காக்கவென்று ஒரு ஆமி வந்து, சமாதானம் குலைந்து, சண்டையும் நடந்து, சந்திக்குச் சந்தி மண்மூட்டை அடுக்கியிருந்த காலம். படலைக்கு வெளியே தலை நீட்டக்கூடாது என்று கட்டளை. நானோ ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளை. காலில் சில்லுப் பூட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா ஏசுவார். கிணற்றடிக்கும் படலைக்கும் இடையில் நான் நடந்த நடைக்குச் சிலாபத்துக்கே போய் வந்திருக்கலாம். பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவுக்குத் தலை சுற்றியது. என்னையும் அண்ணையையும் பிடித்து மேசையில் இருத்தி, பாடம் தொடங்கிவிட்டார்.

பாடம் மைசெல்ஃப், ஹிம்செல்ஃப், ஹேர்செல்ஃப் பற்றியது. ஒரு ஆளை அழுத்திச் சொல்வதற்கு இங்கிலீசில் இப்படி ஒரு சொல்லை ஆளுக்குப் பின்னால் வைப்பார்களாம். 'த கிங் கேம்' என்றால் அரசன் வந்தான். 'த கிங் ஹிம்செல்ஃப் கேம்' என்றால் அரசனே, வேறு யாரையும் அனுப்பாமல் தானே, வந்தான். இதைக் கேட்டதும் எனக்குப் பெரிய வெளிச்சம் வந்துவிட்டது. 'தானே' என்றால் ஹிம்செல்ஃப். எங்கள் ஊரில்தான் எல்லா வசனத்திலும் 'தானே' இருக்கிறதே! கடகடவென்று எழுதித் தள்ளினேன். மழை பெய்யுதுதானே: 'த ரெயின் இட்செல்ஃப் இஸ் ஃபோலிங்.' ஆடு கத்துதுதானே: 'த கோட் இட்செல்ஃப் இஸ் கிரையிங்.' அம்மா குசினியிலைதானே: 'மதர் ஹேர்செல்ஃப் இஸ் இன் த கிச்சின்.'

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்.

"அம்மா குசினியிலை நிக்காமல் வேறை ஆர் நிக்கிறது? ராணியோ வந்து நிக்கிறா? ஆள் நிக்கிறது புதினமெண்டால்தான் அந்தச் சொல்லுப் போடவேணும்."

குட்டு விழுந்தது. அண்ணை புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான். அன்றிலிருந்து அவன் பெரியம்மாவுக்கு ஒரு பட்டம் வைத்துவிட்டான். அவர் பட்டினத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கும் சத்தம் கேட்டால், "ஹேர்செல்ஃப் வாறா, புத்தகத்தை எடு" என்பான். பதினாறு வயது, ஒரே வருஷத்தில் தென்னங்கன்று போல நெடுத்திருந்தான். மேலுதட்டில் அழுக்குப் போல ஒரு மீசை. அந்தக் காலத்தில் ஒரு பொடியன் அப்படி வளர்வது வீட்டாருக்குச் சந்தோஷம் தருகிற விஷயமில்லை.

பெரியம்மா எங்களுக்கு இரண்டு விதிகள் சொல்லித் தந்தார். முதலாவது, எடுத்துப் பார். 'ஹீ கட் ஹிம்செல்ஃப்', அவன் தன்னை வெட்டிக்கொண்டான். இதில் அந்தச் சொல்லை எடுத்தால் வசனம் சரிந்துவிடும், யாரை வெட்டினான் என்றே தெரியாது. அது வேறு வகை. 'த கிங் ஹிம்செல்ஃப் கேம்' என்பதில் எடுத்தாலும் அரசன் வந்துகொண்டுதான் இருப்பான். எடுத்தாலும் வசனம் நின்றால் அது அழுத்தம். இரண்டாவது விதியை அவர் மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னார்.

"மைசெல்ஃப் ஒருநாளும் தனிய நிக்காது. அதுக்கு முன்னாலை ஒரு ஐ நிக்கவேணும். ஐ மைசெல்ஃப். முன்னாலை ஆள் இல்லாமல் வந்தால் அது இங்கிலீசில்லை, சந்தை இரைச்சல்."

சந்திகளில் நின்ற ஆமிக்காரர்கள் அப்படித்தான் கதைத்தார்கள். பெயரைச் சொல்லவும் 'மைசெல்ஃப் இன்னார்', ஊரைச் சொல்லவும் 'மைசெல்ஃப் ஃப்ரொம் இன்ன இடம்.' பெரியம்மா பள்ளிக்கூடம் போய்வரும் வழியில் நாலு சென்றிக் காவலில் சைக்கிளை விட்டு இறங்கி நடக்கவேண்டும். துவக்கைக் கண்டு அவர் பயந்ததாக நினைவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "இண்டைக்கும் ரெண்டு மைசெல்ஃப்" என்று பல்லுக் கூசினவர் போல முகத்தைச் சுளிப்பார்.

இப்படியிருக்கையில் கொடிகாமத்தில் மாமிக்குப் பிள்ளைப்பேறு என்று ஆள் வந்தது. அம்மா எங்களைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார். போய் மறுநாளே பாதையைப் பூட்டிவிட்டார்கள். அம்மா அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். பாதை பூட்டிய மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, விடிந்தும் விடியாமலும் எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வீட்டு நாய்களும் ஒன்றாகக் குரைத்தன. கிடுகுவேலிக்கு மேலால் இரும்புத் தொப்பிகள் வரிசையாகப் போயின. ஒலிபெருக்கியில் யாரோ எழுதிக்கொடுத்த தமிழை யாரோ வாசித்தார்கள். ஆண்கள் எல்லோரும் கோயில் வீதிக்கு வரவேண்டும், வீட்டில் ஒளிந்திருப்பவர்கள் பகைவர்களாகக் கருதப்படுவார்கள்.

அண்ணை பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதிப் பாணை வைத்துவிட்டு எழும்பினான். பெரியம்மா அலுமாரியைத் திறந்து அவனுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டை எடுத்தார். "உதைக் கழட்டிப்போட்டு இதைப் போடு. படிக்கிற பொடியன் எண்டு பாத்தவுடனை தெரியவேணும்" என்றார். பொத்தானை அவன் மாறிப் பூட்டினான். அவர் அதைக் கழற்றித் திரும்பப் பூட்டிவிட்டார். படலை வரை போய்த் திரும்பிப் பார்த்து, "போட்டு வாறன்" என்றான். எனக்கு அவன் மேல் பொறாமையாக இருந்தது. இத்தனை நாளைக்குப் பிறகு ஒருவன் படலையைத் திறந்துகொண்டு வெளியே போகிறான்!

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. பெரியம்மா கதிரையில் இருந்தார், எழும்பினார், யன்னலைத் திறந்தார், பூட்டினார். தேத்தண்ணி போட்டார், குடிக்காமல் ஆறவிட்டார். அடிக்கடி ஏசுகிறவர் அன்று என்னை ஓடாதே என்று சொல்லவில்லை. நான் கிணற்றடிக்கும் படலைக்கும் ஓடினேன். அவர் முன்னறைக்கும் குசினிக்கும் நடந்தார். வீடு முழுக்க இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் முட்டாமல் நடந்துகொண்டிருந்தோம்.

வெயில் ஏறியபின் பக்கத்து வீட்டு மாமா திரும்பி வந்தார். சேட்டெல்லாம் புழுதி. வேலிக்கு மேலால்தான் செய்தி சொன்னார். அடையாள அட்டை உள்ளவர்கள் ஒரு ஜீப்புக்கு முன்னால் ஒவ்வொருவராகப் போகவேண்டுமாம். உள்ளே சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு தலையாட்டி இருக்கிறானாம். அவன் தலையாட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அட்டை இல்லாத பொடியன்களை வேறாக எடுத்து, தேர்முட்டிப் பக்கம் இருத்தியிருக்கிறார்கள். தாயோ தகப்பனோ வந்து என் பிள்ளை என்று பொறுப்பெடுத்தால் விடுவார்களாம். பொழுதுபடுவதற்குள் ஆள் வராவிட்டால் லொறியில் ஏற்றி ஆமிக் காம்புக்கு.

"அங்கை போனவங்கள் எப்ப வருவாங்கள் எண்டு சொல்லேலாது, ரீச்சர்" என்றார்.

அண்ணையின் அட்டைக்கு எழுதிப் போட்டு மாதக்கணக்கு. அட்டை கொடுக்கிற கந்தோர் பூட்டு. அம்மா கொடிகாமத்தில். அப்பா சவூதியில். பெரியம்மா இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னார், கரும்பலகையில் எழுதிப் பார்ப்பது போல. பிறகு உடுப்பு மாற்றப் போனார்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற கஞ்சி போட்ட சேலை, முந்தானையில் பின், கையில் மணிக்கூடு, கைப்பை, குடை. என்னைத் தனியே விடமுடியாது என்று கூட்டிக்கொண்டு போனார். கோயில் வீதியில் மேளம் இல்லாமல் அத்தனை சனத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. மடத்து வாசலில் ஒரு மேசை. அதற்குப் பின்னால் தாடியை மடித்துக் கட்டின ஒரு கப்டன். பக்கத்தில் இன்னும் இரண்டு அதிகாரிகள், கதிரையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். வாசலில் ஒரு சிப்பாய் நின்றான். அவன் தமிழன். எங்களுக்குப் பாதி விளங்கும் தமிழில் சனத்தோடு கதைத்தான்.

பெரியம்மா நேரே மேசைக்குப் போய், பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் கதைக்கிற இங்கிலீசில் விஷயத்தைச் சொன்னார். இன்ன பொடியன், இன்ன வகுப்பு, அட்டைக்கு எழுதிப் போட்டாயிற்று. எனக்குப் பெருமையில் நெஞ்சு முட்டியது. முழு வசனங்கள், ஒன்றிலும் ஓட்டை இல்லை. பொறுப்பான அதிகாரியோடு தான் கதைக்கவேண்டும் என்று முடித்தார்.

கப்டன் நிமிர்ந்து பார்த்தார். "மைசெல்ஃப் இன் சார்ஜ் ஹியர்" என்றார்.

பெரியம்மா இருபத்தைந்து வருஷம் ரீச்சராக இருந்தவர். அவருடைய நாக்கு அவரைக் கேட்கவில்லை.

"யூ மீன், யூ யுவர்செல்ஃப் ஆர் இன் சார்ஜ்" என்றார். பிழை விட்ட பிள்ளைக்குச் சரியான வசனத்தைத் திருப்பிச் சொல்வாரே, அதே குரல்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் சிரித்துவிட்டார். கப்டனின் காது சிவந்ததை நான் கண்டேன். அவர் பேனையை மேசையில் வைத்தார். நீ தாயா என்று கேட்டார். பெரியம்மா உண்மை சொன்னார். ஆன்ட் என்றார். 'ஐ மைசெல்ஃப் பிரோட் ஹிம் அப்', நானேதான் அவனை வளர்த்தேன் என்றும் சேர்த்தார். முன்னால் ஐ, பின்னால் மைசெல்ஃப், வைக்கவேண்டிய இடத்தில் வைத்த அழுத்தம். விதி இரண்டும் சரி. கப்டன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"ஆன்ட் நோ. ஒன்லி மதர்" என்று கையை வீசினார்.

எங்களை மதிலுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அங்கே நிழல் இல்லை. தாய்மார்கள் மதிலோரம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மதிலில் ஒரு கல் பெயர்ந்திருந்த ஓட்டையால் நான் எட்டிப் பார்த்தேன். தேர்முட்டியடியில் பொடியன்கள் குந்தியிருந்தார்கள். அண்ணையின் வெள்ளைச் சேட்டு தெரிந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, முதுகைக் கூனி, தன் நெடுப்பத்தை எங்கேயாவது ஒளிக்கப் பார்த்தான். எனக்கு அப்போதுதான் முதல்முறையாகப் பயம் வந்தது. பயம் வந்தால் என் கால் நிற்காது. மதிலோரம் ஓடிய வாய்க்காலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும் அங்கிருந்து இங்குமாகப் பாய்ந்துகொண்டிருந்தேன். சிப்பாய் ஒருவன் அதட்டினான். நின்றேன். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி பாய்ந்தேன்.

ஒவ்வொரு தாயாக உள்ளே போனார்கள். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கிற ஒரு பெண் எங்களுக்கு முன்னால் நின்றார். அவரிடம் இருந்த இங்கிலீஷ் இரண்டே சொல். 'மை சன், மை சன்' என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு போனார். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பெரியம்மா அவரைப் போகும்போதும் பார்த்தார், வரும்போதும் பார்த்தார். குடையைத் திறந்து திறந்து பூட்டினார். உதடு அசைந்துகொண்டிருந்தது. தேவாரம் சொல்கிறார் என்று நினைத்து, நான் கொஞ்ச நேரம் பாயாமல் நின்றேன்.

வெயில் சாய்ந்தது. லொறி ஒன்று பின்பக்கமாக வந்து தேர்முட்டியடியில் நின்றது. அதன் பின்பலகையை இறக்கிய சத்தம் மதிலுக்கு இந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த கணம் பெரியம்மா குடையையும் பையையும் என் கையில் திணித்தார். மணிக்கூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டார். முந்தானைப் பின்னைக் கழற்றி, சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடினார். கடைசியாகக் கண்ணாடி; அதுவும் என் கைக்கு வந்தது. அதைக் கழற்றினால் அவருக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாம் புகை. என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நடவடி பிள்ளை, மேசைக்கு நேரை நட" என்றார். நான் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அதே மேசை, அதே கப்டன். தேத்தண்ணி குடித்தவர்கள் எழும்பிப் போயிருந்தார்கள். பெரியம்மா இரண்டு கையையும் கூப்பினார். குரல் அவருடையதே இல்லை.

"சேர், பிளீஸ் சேர். மை சன். ஸ்மோல் போய். நோ கார்ட்."

நான் வாயைப் பிளந்தேன். கப்டன் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் ஒரு கையில் குடையும் பையும், மறு கையில் கண்ணாடி. அவர் கண்ணாடியை நெடுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டார்.

"யூ... யுவர்செல்ஃப்... ஆர் த மதர்?"

சரியான வசனம்! யூ முன்னால், யுவர்செல்ஃப் பின்னால். காலையில் படித்த பாடத்தை மனுஷன் மாலைக்குள் பாடமாக்கிவிட்டான். எனக்கு ஏற்பட்ட வியப்பைச் சொல்லி முடியாது. பெரியம்மா அவரை மெச்சப்போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"யெஸ், சேர்" என்றார் பெரியம்மா. "மைசெல்ஃப் மதர்."

தனியே. முன்னால் ஆளே இல்லாமல். எங்கள் மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்ன அதே பெரியம்மா! களைப்பில் மறந்துவிட்டார், கண்ணாடி இல்லாததால் இங்கிலீசும் மங்கிவிட்டது என்றெல்லாம் எனக்குப் பட்டது. உதவி செய்யவேண்டும் என்ற அவசரத்தில் அவருடைய சேலையைப் பிடித்து இழுத்து உரக்கவே கூப்பிட்டேன்.

"பெரியம்மா! ஐ..."

தோளில் இருந்த அவருடைய விரல்கள் சதைக்குள் இறங்கின. நான் வாயை மூடினேன். கப்டன் வாசலில் நின்ற தமிழ்ச் சிப்பாயைத் திரும்பிப் பார்த்து, பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டார். சிப்பாய் என்னைப் பார்த்தான். பெரியம்மாவைப் பார்த்தான். லொறியைப் பார்த்தான்.

"காலிங் மதர், சார்" என்றான். எங்கள் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னான்: "அம்மான்னு கூப்பிடுது."

அரைவாசிச் சொல்லை விழுங்கிவிட்டான். பெரியம்மா என்பதில் பெரிய எங்கே போயிற்று? இதை எப்படி ஒரு ஆள் மொழிபெயர்ப்பு என்று சொல்லலாம்? எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் தோள் நொந்துகொண்டிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. கப்டன் பேனையை எடுத்து எதையோ கிறுக்கினார். தலை நிமிராமலே, "டேக் யுவர் சன்" என்றார்.

அண்ணை வந்தான். வெள்ளைச் சேட்டின் முதுகில் செம்மண். தலையை மூடிக்கொண்டு நின்ற பெரியம்மாவை அவன் முதலில் மட்டுக்கட்டவில்லை. கண்டபின் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அவர் கையை நீட்டினார். எங்கே நீட்டுகிறோம் என்று தெரியாத நீட்டல், காற்றில். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். ஒழுங்கையால் வீட்டுக்கு நடந்தோம். ஓடாமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் எனக்கும் தெரிந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரும் பார்க்கவில்லை.

படலையைப் பூட்டியதும் நான் அடக்கிவைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன்.

"அண்ணை, பெரியம்மா பிழை விட்டவ! மைசெல்ஃப் மதர் எண்டு சொன்னவ! முன்னாலை ஐ போடேல்லை! அந்த ஆமிக்காரன் சரியாச் சொன்னவன், இவ பிழையாச் சொன்னவ!"

"வாயைப் பொத்தடி" என்றான் அண்ணை. அவன் என்னை அப்படி அதட்டினதே இல்லை. என்னிடமிருந்து கண்ணாடியைப் பிடுங்கி, தன் சேட்டுத் தலைப்பால் துடைத்து, பெரியம்மாவிடம் கொடுத்தான். அவர் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஓம், பிழைதான்" என்றார். குட்டு விழவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணை காலையில் விட்ட பாதிப் பாணைத் தின்றான். அதன்பிறகு ஹேர்செல்ஃப் என்ற பட்டத்தை அவன் வாயால் நான் கேட்கவில்லை. நானாகச் சொல்லிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. நல்ல ஒரு பகிடி காரணமில்லாமல் செத்துப்போனது எனக்குக் கவலையாக இருந்தது.

பாதை திறந்து அம்மா வந்தது எத்தனை நாளுக்குப் பிறகு என்று நினைவில்லை. பட்ட பாட்டையெல்லாம் ஊரே அவருக்குச் சொல்லிவிட்டது. ஆனால் என் செய்தி யாரிடமும் இல்லை. மறுநாள் என்னைக் கதிரையில் இருத்தித் தலை பின்னும்போது சொன்னேன். தலை பின்னுகிற நேரம்தான் நான் அசைய முடியாத நேரம்; அதனால் நிறையக் கதைப்பேன். எனக்கு அத்தனை குட்டுக் குட்டிய பெரியம்மா ஆமிக்காரனுக்கு முன்னால் எப்படிப் பிழை விட்டார் என்று நடித்தே காட்டினேன். அம்மா சிரிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

சீப்பு நின்றது.

"என்னெண்டு சொன்னவ?"

"மைசெல்ஃப் மதர்."

"தமிழிலை சொல்லு."

"'நானே தாய்' எண்டு. ஆனால் அது பிழை, அம்மா. அப்பிடிச் சொல்லேலாது. மைசெல்ஃப் தனிய நிக்காது. முன்னாலை ஒரு ஐ..."

"திரும்பச் சொல்லு" என்றார் அம்மா.

சொன்னேன். பிழையை நன்றாக விளங்கிக்கொள்ளவேண்டும் என்று நினைத்து, இரண்டு விதிகளையும் ஆதியிலிருந்து விளக்கத் தொடங்கினேன். அம்மா கேட்கவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார். சீப்போடு எழும்பி முன்னறைக்குப் போனார். நான் பின்னாலே ஓடினேன். பெரியம்மா யன்னலோரம் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனை. அம்மாவைக் கண்டதும் என்ன என்று கேட்டார். அம்மா, "அக்கா" என்று மட்டும் சொன்னார். பெரியம்மாவின் பின்னால் போய் நின்று, அவருடைய கொண்டையை அவிழ்த்தார். பாதி நரைத்த தலைமயிர் கதிரைக்கு வெளியே விழுந்தது. அம்மா அதை வாரத் தொடங்கினார். பெரியம்மா பேனையை மூடி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை போல இருந்தார்.

ஒரு பக்கம் பின்னலும் மறுபக்கம் விரிந்த தலையுமாக நான் வாசலில் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தேன். என்னுடைய முறை இடையில் போய்விட்டதே என்று எரிச்சல். எவ்வளவு நேரம்தான் வாருவார்கள்? கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு பேரும் திரும்பவில்லை. பெரியம்மா விட்டுவிட்ட சொல் எது என்று எனக்குத் தெரியும். அவர் எடுத்துக்கொண்ட சொல் எது என்று அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது.